பேரல்காரரின் ஐந்தாவது நாற்காலி

மன்னார்குடியில் கச்சா எண்ணெய் விலை தெரியாமல் மனிதர்கள் நிம்மதியாகக் காபி குடித்த காலம் ஒன்று உண்டு. அது பேரல்காரர் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பு.

வளைகுடாவில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். எண்ணெய் விலை விழுந்த ஒரே வாரத்தில் பெட்டியைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்கள். வந்தவர் என் பக்கத்து வீட்டில் பிரவுசிங் சென்டர் திறந்தார். வாசலில் ஒரு கரும்பலகை. மேலே மேட்டூர் அணையின் நீர்மட்டம், கீழே ஒரு பேரல் எண்ணெயின் விலை. தண்ணீர் திறப்பார்களா என்று பார்க்க வரும் விவசாயிகள் எண்ணெய் விலையையும் படித்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் கவலைப்பட்டுக்கொண்டே போனார்கள்.

"ஒண்ணையே நம்புனா நாடும் உருப்படாது, வீடும் உருப்படாது" என்பது அவர் சித்தாந்தம். ஆகவே அந்த ஒற்றை அறையில் நாலு கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், எஸ்.டி.டி. பூத், கறிவேப்பிலைக் கன்று வியாபாரம் எல்லாம் நடந்தன. மானிட்டர் சூடு வீணாகிறதே என்று அதன் தலையில் கோழிமுட்டை அடுக்கினார். ஒருவர் அரைமணி நேரமாக ஒற்றை விரலால் விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு முட்டை பொரிந்து "கீச்" என்றது. மனிதர் பதறி எதையோ அழுத்த, படிவம் மொத்தமும் காணாமல் போயிற்று.

"படிவம் போனா என்ன? உசுரு வந்திருக்கு பாருங்க!" என்றார் பேரல்காரர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அவர் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்த்த படலம். வந்த வரன் எல்லாம் வளைகுடாதான். பெண் வீட்டுப் பெரிய மனிதராக ஒவ்வொரு முறையும் என்னை உட்கார வைத்துவிடுவார். ஊரில் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"தம்பி, உங்க நாட்டுல எண்ணெயைத் தவிர வேற என்ன வருமானம்?"

முதல் மாப்பிள்ளை முழித்தார். அவருடைய அம்மா, "பேரீச்சம்பழம் இருக்குங்க" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. இரண்டாமவர், இன்னும் பத்து வருஷத்தில் அந்த நாடே கம்ப்யூட்டரில் ஓடும் என்று அளந்தார். "நானும் அங்க இருந்தவன்தான் தம்பி" என்று அவரையும் அனுப்பிவிட்டார். மூன்றாவது வீட்டார் பஜ்ஜியைக்கூட முடிக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

செல்வி என்னைத் தனியே பிடித்தாள். "அந்த நாடு திருந்துற வரைக்கும் நான் காத்திருக்கணுமா மாமா? எனக்கு இருபத்தெட்டு ஆகுது."

நேரே போய் அவரிடம் கத்தினேன். அவர் பலகையைத் துடைத்தபடி சொன்னார்: "பெட்டியோட நான் பஸ்ஸ விட்டு எறங்குனப்ப எம் பொண்டாட்டி மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது சார். அது எம் பொண்ணுக்கு வேணாம்."

நாலாவது, தாராசுரத்துப் பையன். வளைகுடாவில் கம்ப்யூட்டர் வேலை. வழக்கமான கேள்வி விழுந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துறாங்க சார். ஆனா அந்தக் கம்ப்யூட்டர வாங்குறதே எண்ணெய்க் காசுலதான். வெல விழுந்தா நானும் பெட்டியத் தூக்க வேண்டியதுதான்."

பையனின் அப்பா தலையில் கை வைத்தார்.

"தூக்கிக்கிட்டு என்ன செய்வீங்க?"

"உங்க கடையில ஒரு சேர் போடுங்க. வந்து உக்காந்துக்கிறேன்."

பேரல்காரர் உள்ளே திரும்பி, "செல்வி, காப்பி கொண்டாம்மா" என்றார். முந்தைய மூன்று பேருக்கும் காபியே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணத்துக்கு மறுநாளே கடையில் ஐந்தாவது நாற்காலி வந்துவிட்டது. யாரையும் அதில் உட்கார விடமாட்டார். விலை விழும்போதெல்லாம் அதைத் துடைத்து வைப்பார். ஆனால் மாப்பிள்ளையின் வேலை ஒவ்வொரு முறையும் தப்பித்தது. நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. அவர் செய்த அத்தனை தொழிலிலும் லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. கடையைக் காலி செய்ய வந்த செல்வி, "முழங்கால் வலின்னீங்களே மாமா" என்று அந்த நாற்காலியை என் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். காலையில் அதில் உட்கார்ந்து ஃபோனில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறேன். கையோடு எண்ணெய் விலையும். எனக்கு வளைகுடாவில் யாரும் கிடையாது. இருந்தாலும் விலை ஏறியிருந்தால், இதைச் சொல்ல அந்த மனுஷன் இல்லையே என்று இருக்கிறது.