ஏழு ஓட்டைத் தகடு

செத்தவர்களின் ஆவிகள் உலவும் பேய் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் புது வண்டி வாங்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், ஆற்றில் இறங்க மாட்டார்கள். ஆனால் குருநாதர் லியாவிடம் தகடு வாங்க மட்டும் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். அந்த வருஷம் வரிசை அவருடைய தகரக் கொட்டகையில் தொடங்கி, மீன் உருண்டைக் கடையைச் சுற்றிக்கொண்டு, என் ஐஸ் சீவல் கடை வாசல் வரை வந்து நின்றது. வெயிலில் நிற்கிற பக்தனுக்குத் தாகம் எடுக்காதா? பொய் சொல்வானேன், லியாவ் நூறு வயது வாழ வேண்டும் என்று நானே ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன்.

தகடு எதற்கு? எங்கள் நான்தோவ் மலைச்சாலையில் வண்டி ஓட்டியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மழை பெய்தால் மலை சரியும். சரிந்த மலையின் ஜல்லி மாதக்கணக்கில் ரோட்டில் கிடக்கும். முன்னால் போகிற லாரி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால், அது நம் ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்குப் பின்னால், எஞ்சினை ஆற்றும் தண்ணீர் ஓடுகிற ரேடியேட்டரில் குத்தும். தண்ணீர் ஒழுகும், எஞ்சின் கொதித்து நடுவழியில் நிற்கும். ஆகவே ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காப்பு வேண்டும். இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேல் லியாவ் பேச ஆரம்பிக்கிறார்.

"கல்லை லாரியா எறியுது? மடப்பயலுங்களா! கணவாய்ல விழுந்து செத்தவன் எறியறான்டா! தன் இடத்துக்கு இன்னொரு ஆள் கிடைச்சாத்தான் அவனுக்கு விடுதலை. உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கான்!"

கூட்டம் நடுங்கும். குருநாதர் மஞ்சள் துணியை விலக்குவார். பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. அதில் சிவப்பு மையில் மந்திரம். வடக்கு வானத்து ஏழு நட்சத்திரங்களுக்கு ஏழு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு பச்சைப்பயறு அளவு. ஊதுபத்திக் கலயத்தின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, ரேடியேட்டர் இருக்கும் இடத்துக்கு முன்னால் அவரே மாட்டிவிடுவார். கெட்டது முன்னாலிருந்துதானே வரும்!

இதில் சாட்சி யார் தெரியுமா? நான்தான். "பாவ் அண்ணனைக் கேளுங்க! தகடு மாட்டி ரெண்டு வருஷம். ஒரு நாள் கொதிச்சிருக்கா, ஒரு கல் பட்டிருக்கா?" என்று லியாவ் என் கடையைப் பார்த்துக் கை நீட்டுவார். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். உண்மைதானே, என் பழைய குட்டி வண்டி ஒரு நாளும் கொதித்ததில்லை.

மற்றவர்களின் வண்டிகள் கொதித்தன. ஏற்றத்தில் பாதி வழியில் புஸ்ஸென்று நீராவி கக்கி நின்றன. ஓடி வந்து குருநாதர் காலில் விழுந்தார்கள். "நல்ல சகுனம்! தகடு கெட்டதை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு, அதான் கொதிக்குது. மூணு நாள் இங்கே வச்சுட்டுப் போ, கழுவித் தரேன்" என்பார் அவர். தகட்டைக் கழற்றி வைத்த மூன்று நாளும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும். பார்த்தாயா, கழுவுகிற பூஜை பலித்துவிட்டது! நாலாம் நாள் காணிக்கை கொடுத்து மறுபடி மாட்டிக்கொள்வார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை.

பீஜூ அப்படி மாட்டிக்கொண்டவள்தான். மூங்கில் குருத்து உரித்து விற்கிறவள். அவள் புருஷன் வென்ஹாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் அவனைப் பின்னால் உட்காரவைத்து, இடுப்போடு ஒரு துணியால் தன்னோடு கட்டிக்கொண்டு, கணவாய் ஏறி இறங்கி டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி கணவாயில் கொதித்து நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ரோட்டோரத்தில் இருந்தார்கள். கடைசியில் ஒரு முட்டைக்கோஸ் லாரி ஏற்றிக்கொண்டு போனது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நெஞ்சுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும்" என்று நர்ஸ் திட்டினாளாம்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கழற்றிய தகடு கையில் இருந்தது.

"சாமி, நாளைக்கு மறுபடி போகணும். நின்னுட்டா அவர் செத்துப்போயிடுவாரு."

லியாவ் கண்ணை மூடித் திறந்தார். "உன் பின்னால பெரிய ஆளு சுத்தறான். இந்தத் தகடு பத்தாது. ரெண்டு மடங்கு கனம், ஓட்டையே இல்லாதது ஒண்ணு இருக்கு. மாட்டிடறேன்."

"மாட்டுங்க சாமி" என்றாள் பீஜூ, காதுத் தோட்டைக் கழற்றியபடி.

அப்போது வரிசையைத் தாண்டி யாலான் உள்ளே வந்தாள். முக்கில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவள். கை நிறைய கிரீஸ், வாய் நிறைய வெடி.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தத் தகடு கெட்டதை மட்டும் தடுக்குமா, நல்லதையும் தடுக்குமா?"

"கெட்டதை மட்டும்தாம்மா. நல்ல காத்து ஏழு ஓட்டை வழியா தாராளமாப் போகும்."

"அப்பாடா! இதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஆவணி வெயில். தகரக் கூரை. குருநாதர் மேல் பட்டு அங்கி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் முழு வேகத்தில். யாலான் பீஜூவின் கையிலிருந்த ஏழு ஓட்டைத் தகட்டை வாங்கி, சாமான் கட்டுகிற ரப்பர் கயிற்றால் ஃபேனின் முகத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கும்பிடறேன் சாமி. ஒரே ஒரு ஊதுபத்தி எரியற நேரம் இதுக்கு முன்னால உக்காருங்க. நல்ல காத்துதான் தாராளமா வருமே. அப்புறம் நானே பத்துத் தகடு வாங்கிக்கறேன்."

கூட்டம் ஆரவாரித்தது. பெரிய வியாபாரம் அல்லவா! குருநாதர் சிரித்தபடி உட்கார்ந்தார். யாலான் ஊதுபத்தியை ஏற்றினாள். அதுவரை அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த கலயத்துப் புகை, நேராக நிமிர்ந்து கூரைக்குப் போயிற்று. முதலில் நெற்றி வேர்த்தது. பிறகு கழுத்து. பட்டு அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊதுபத்தி மூன்றில் ஒரு பங்குகூட எரியவில்லை.

"போதும்... அதை எடு."

"இன்னும் நேரம் இருக்கே சாமி."

"எடுடீங்கறேன்! காத்தே வரலே, மூச்சு முட்டுது!"

தான் கத்தியது என்ன என்று குருநாதருக்கே அப்போதுதான் உறைத்தது. பீஜூ ஓரடி முன்னால் வந்தாள்.

"நீங்க ஒரு ஊதுபத்தி நேரம் தாங்கலியே சாமி. என் வண்டி ஆளைச் சுமந்துக்கிட்டு மலை ஏறுச்சு. அதுக்கு மூச்சு வேண்டாமா?"

"அடிப்பாவி, சாபம் பிடிக்கும்..."

"சாபம் இருக்கட்டும்" என்றாள் யாலான். "கொட்டகைக்குப் பின்னால மஞ்சள் துணி போட்டு மூடியிருக்கே உங்க பெரிய பைக், அதுக்குப் போன மாசம் நான் மாட்டினது என்ன? யாராவது போய்ப் பாருங்கப்பா."

நாலு பேர் ஓடினார்கள். துணியை உருவினார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பட்டறையில் செய்த சாதாரண அலுமினியச் சல்லடை. கல் நுழையாது, காற்று நுழையும். மந்திரமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அவர்கள் திரும்பி வந்தபோது குருநாதருடைய நாற்காலியில் ஈர அங்கி மட்டும் கிடந்தது. பக்கத்து வாழைத்தோப்பில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்று மாலையே யாலான் பீஜூவின் வண்டிக்குச் சல்லடை மாட்டினாள். வரிசை முழுக்க இப்போது அவள் பட்டறை வாசலில் நின்றது. ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இதையும் ஊதுபத்திக் கலயத்து மேல மூணு சுத்து சுத்திக்கலாமா?"

"முப்பது சுத்து வேணும்னாலும் சுத்திக்குங்க. ஓட்டையை மட்டும் அடைக்காதீங்க."

நானும் நின்றேன். "என் வண்டித் தகட்டையும் கழற்றும்மா. ஆனா ஒண்ணு, என்னோடது மட்டும் ஒருநாளும் கொதிச்சதில்லே, அது எப்படி?"

யாலான் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாவ் அண்ணே, இது காத்துலேயே ஆறுற எஞ்சின். உங்க வண்டியில ரேடியேட்டரே கிடையாது."

ஊரே சிரித்தது. பீஜூ சிரிக்கவில்லை. "உங்க வார்த்தையை நம்பித்தான் அண்ணே நான் அதை மாட்டினேன்" என்றாள். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

வியாழக்கிழமை காலை அவர்கள் என் கடையைத் தாண்டிப் போனார்கள், இடுப்பில் துணி கட்டியபடி. கணவாய் உச்சியில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கும் நிற்கவில்லை.

லியாவ் இப்போது பக்கத்து மாவட்டத்தில் ஹெல்மெட்டுக்குத் தகடு விற்கிறாராம். அங்கேயும் வரிசை நீளமாம். வரிசையில் நிற்கிறவர்களே, காணிக்கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: சாட்சி சொல்கிறவனின் வண்டியில் முதலில் ரேடியேட்டர் இருக்கிறதா? கேட்கத் தோன்றவில்லை என்றால், தகடு வாங்கவே வேண்டாம். அது ஏற்கெனவே உங்கள் மண்டைக்கு முன்னால்தான் மாட்டியிருக்கிறது, ஒரு ஓட்டைகூட இல்லாமல்.