நாற்றத்தால் போன நாற்காலி

அளந்து பேசுவதற்காகவே அரசாங்கம் எனக்கு முப்பது ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. 'கவலை கொள்கிறோம்' என்று எழுதுவதா, 'ஆழ்ந்த கவலை கொள்கிறோம்' என்று எழுதுவதா என அரை நாள் தவிப்பதுதான் தூதர் வேலை. கண்ட நாடுகளிலெல்லாம் வாயால் பிழைத்தவன், சொந்த மொழியில் ஒரே சொல்லில் கவிழ்ந்தேன்.

ஓய்வு பெற்றுத் திருவனந்தபுரம் திரும்பிய புதிது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கென ஓர் ஆலோசனைக் குழு அமையும், நான் தலைவராவேன் என்று பேச்சு அடிபட்டது. பதவிக்கு நான் ஏங்கினேன். (என் மனைவி அதைவிட ஏங்கினாள். பகல் முழுவதும் அவள் சமையலறைக்கு நான் நெறிமுறைகள் வகுத்துக்கொண்டிருந்தேன்.) முடிவு ஓர் அமைச்சர் கையில். அவரையே முதன்மை விருந்தினராக அழைத்து, ஆரியசாலைத் தமிழ் வணிகர்கள் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்.

அமைச்சர் மலையாளி. தமிழ் பாதி புரியும். அந்தப் பாதிதான் என்னைக் கொன்றது.

ஏற்புரைக்கு எழுந்தேன். காலை முழுவதும் ஆழ்வார் பாசுரங்களில் திளைத்திருந்த நாவு. அங்கே நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறும், துழாய் என்னும் துளசி நாறும், பெருமாள் திருமேனியே நாறும். அமைச்சர் கழுத்திலோ முல்லை மாலை. கணீரென்று முழங்கினேன்:

"அமைச்சர் பெருமான் வந்தார், இம்மன்றம் நாறுகிறது! அவர் திருப்பெயரோ மாநிலமெங்கும் நாறுகிறது!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். முன்வரிசை அமைச்சரின் முகத்தைப் பார்த்தது.

இந்தச் சொல் தமிழில் கெட்டுப்போனது போதாதென்று மலையாளத்திலும் அப்படியே கெட்டிருக்கிறது. அமைச்சர் என் பக்கம் சாய்ந்தார்.

"சாரே, ஞான் குளிச்சிட்டாணு வந்நது." குளித்துவிட்டுத்தான் வந்தாராம்.

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். (உட்காரத் தெரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?) பதறிப்போய் விளக்கம் சொன்னேன்:

"ஐயா, நான் சொன்னது பழைய நாற்றம்!"

முன்வரிசை வாய்விட்டுச் சிரித்தது. வணிகர் சங்கச் செயலாளர், திருநெல்வேலிக்காரர், ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "பழசோ புதுசோ, அந்த நாத்தத்த விடுங்க சாரே! இலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க."

வீடு திரும்பும்போது காரில் கிழக்கேகோட்டையிலேயே மனைவி ஆரம்பித்தாள்.

"ஏன்னா, 'மணக்கறது'ன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

"அதுல ஒரு கம்பீரம் இல்லையேடி."

"இப்போ கம்பீரமா நாறிட்டேளே, திருப்தியா?"

தலைவர் நாற்காலி வேறொரு ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் போயிற்று. அவர் அதிகம் பேசமாட்டாராம், அதுவே தகுதியாம். நான் சமையலறையில் நிரந்தரமானேன். எங்களோடு வசிக்கும் மகளுக்குக் கதை முழுவதும் தெரியும். இன்றும் ரசத்தைப் பாராட்ட நான் தொண்டையைச் செருமினால் போதும், அவள் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

"அப்பா, தலைய மட்டும் ஆட்டுங்கோ. அம்மா பாவம்."