கமர்கட்டோடு பாரிசுக்குப் போன என்கொயரி மாமா

இந்த உலகத்தில் யாரும் பதில் சொல்லாமல் அநாதையாக நிற்கும் கேள்விகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் புதுச்சேரி எல்லைக்குள் கேட்கப்பட்ட அத்தனைக்கும் பதில் சொல்லித் தீர்த்த ஒரே மனிதர் எங்கள் நெல்லித்தோப்பு என்கொயரி மாமாதான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து, வானத்தைப் பார்த்து "இன்னா வெயில் இது?" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கிருந்தாவது ஒரு ஜன்னல் திறக்கும். அப்புறம் உங்கள் பாடு, அவர் பாடு.

பஸ் ஸ்டாண்டில் என்கொயரி கவுண்டரில் உட்கார்ந்தே வேலையில் சேர்ந்து, உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கோயில் சாமியாருக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டுமே தெரியும். கவுண்டரில் அவருக்கு ஒரே கொள்கை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அதை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், "கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று இறங்கி ஓடுவார். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று எல்லாரையும் விசாரித்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவார். அதற்குள் கேட்டவர் ஏதோ ஒரு பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு கவுண்டர் போனதே தவிர, கொள்கை போகவில்லை. உலகத்தில் பாதிப் பேர் பதில் வேண்டிக் கேட்பதில்லை, சும்மா கேட்கிறார்கள் என்ற விஷயம் அவருக்கு எட்டவே இல்லை. "சும்மா எதுக்குப்பா ஒருத்தன் வாயத் தொறந்து கேக்கறான்? அவனுக்கு இன்னா கஷ்டமோ" என்பார்.

ஒரு தேர்தல் சமயத்தில் எங்கள் தெருமுனையில் கூட்டம். மேடையில் இருந்தவர் தொண்டை கிழியக் கேட்டார். "இந்தத் தெருவுக்கு நான் என்ன செய்யவில்லை? சொல்லுங்கள், என்ன செய்யவில்லை?" கைதட்டலுக்காக அவர் நிறுத்திய இடத்தில் மாமா எழுந்தார். "சாக்கடைக்கு மூடி போடலீங்க. டீச்சர் வீட்டாண்ட லைட்டு எரியலீங்க. குழாய்த் தண்ணி காலைல வர மாட்டேங்குதுங்க. இன்னும் இருக்குது, சொல்லட்டுங்களா?" அவர் குரலில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற அதே குரல். மேடையில் இருந்தவர் சோடா கேட்டார். அந்த வாரமே சாக்கடைக்கு மூடி வந்ததால் மாமாவைத் தெரு மன்னித்தது.

துக்க வீட்டுக்குக்கூட அவரை நம்பிக் கூட்டிப்போக முடியாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் காலமானபோது அவர் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு யாரு இருக்கா?" என்று கதறினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மாமா தொண்டையைச் செருமினார். "பெரியவன் திருப்பூர்ல இருக்கான். சின்னவன் கூடவே இருக்கான். முதலியார்பேட்டைல உன் தங்கச்சி. அப்பறம் தெருவுல நாங்க அத்தினி பேரும் இருக்கோம்மா." அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் வெகுநாள் கழித்து அந்த அம்மாவே என்னிடம், "அன்னிக்கு யார் யாரோ வந்தாங்க, என்னென்னமோ சொன்னாங்க. உங்க மாமா சொன்னதுதான் மனசுல நிக்குது" என்றார்.

கோயிலில்தான் விவகாரம் முற்றியது. ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தில் உருகி, "நம்மில் பாவமே செய்யாதவர் யார்?" என்று கேட்டார். பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. "நம்ம அந்தோணி, சாமி. ரொம்ப நாளா படுத்த படுக்கையா கிடக்கறான். பாவம் செய்ய அவனால முடியாதுங்க."

அடுத்த ஞாயிறிலிருந்து மாமாவின் மனைவி பிலோமினா அத்தை முன்னேற்பாடாக வந்தார். சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்ததும் அத்தை முந்தானையிலிருந்து பெரிய கமர்கட்டு ஒன்றை எடுத்து மாமா வாயில் போட்டுவிடுவார். வெல்லமும் தேங்காயும் சேர்ந்து பல்லோடு பல் ஒட்டிக்கொள்ளும். பிரசங்கம் முடியும் வரை மாமாவால் மூச்சுதான் விட முடியும். திருச்சபைக்கு அத்தை செய்த தொண்டு இது.

இவர்களுடைய ஒரே பெண் ஸ்டெல்லா. பாரிசில் கணக்கு வேலை. போன மாசம் நான் அங்கே என் சித்தி வீட்டுக்குப் புறப்பட்டபோது, பெண்ணைப் பார்க்க மாமாவும் கிளம்பினார். அத்தைக்கு விமானம் என்றாலே பயம், வரவில்லை. வழியனுப்பும்போது என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே கமர்கட்டு. "எங்கனா மைக்க கண்டீன்னா உடனே வாயில போட்டுடு" என்றார்.

மைக்குக்கு முன்னால் வந்தது குடியேற்ற அதிகாரி. "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார் அந்தப் புண்ணியவான். மாமா, "பொன்ழூர் மிஸ்ஸே" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்து ஆரம்பித்தார். பள்ளியில் படித்த பிரெஞ்சும் கவுண்டரில் பழகிய இங்கிலீஷும் கலந்து, பெண் தனியாக இருப்பது, ரொட்டியைத் தின்று இளைத்துப்போனது, அவள் அம்மாவுக்குத் தூக்கம் வராதது எல்லாம் சொன்னார். வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று மரியாதைக்குக் கேட்டார். மாமாவிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டெல்லா உண்மையாகவே இளைத்திருந்தாள். இரண்டாம் நாள் மாமா குளிக்கப் போனபோது என்னிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். ஆபீஸ் முடிந்த பிறகு அவள் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறாளாம். இங்கிலீஷில். அந்த ஊரில் வேலைக்கு வந்து கிடக்கும் பல நாட்டுக்காரர்களும் கூடும் இடமாம் அது.

"ரெண்டு தடவ ஏறிட்டேன் அண்ணா. ஒருத்தர்கூட சிரிக்கல. வெள்ளிக்கிழமைதான் கடைசி. நல்லா போச்சுன்னா வாராவாரம் மேடை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இல்லன்னா விட்டுட வேண்டியதுதான். இதையும் விட்டா இந்த ஊர்ல எனக்கு ஆபீசும் ரூமும்தான்." குளியலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்பாவ எப்படி கூட்டிட்டுப் போறது?" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஓடித் திரிந்த பெண், ஒரு சிரிப்புக்காக அத்தனை தூரத்தில் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

மாமாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. சாப்பாட்டு மேஜையில் பேச்சுவார்த்தை நடந்தது.

"அப்பா, ஒருத்தர் மைக்க புடிச்சிக்கிட்டு பேசுவாங்க. எல்லாரும் உக்காந்து கேப்பாங்க."

"பிரசங்கமா?"

"அது மாதிரிதான். ஆனா சிரிக்கலாம். நடுவுல கேள்வி கேப்பாங்கப்பா. அது கேள்வி இல்ல. கேள்வி மாதிரி. அதுக்கு பதில் சொல்லக் கூடாது, சிரிக்கணும்."

"ஒருத்தன் கேக்கறான், நாம பதில் சொல்லாம அவன் மூஞ்சியப் பாத்து சிரிக்கறதா? மரியாதயா இருக்காதும்மா."

"எனக்காகப்பா."

மாமா தட்டில் மிச்சம் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை குடுத்த பொட்டலம் எங்க வச்சிருக்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு மதுக்கடையின் நிலவறையில் உட்கார்ந்திருந்தோம். கையைத் தூக்கினால் கூரை இடிக்கும். வயசானவர் என்று மரியாதை செய்து மாமாவை முதல் வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கமர்கட்டு வாய்க்குள் போயிற்று. நான் அவருடைய ஸ்வெட்டரின் பின்பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஓர் அயர்லாந்துக்காரப் பையன் ஏறினான். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றான். மாமாவுக்கு உடம்பே ஒரு முறை தூக்கிப்போட்டது. "இங்கே யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கா?" மாமாவின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. பிறகு அவன் நேராக மாமாவிடமே குனிந்து, "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டான். மாமா இரண்டு கன்னமும் உப்ப, கண்ணில் நீர் முட்ட, என்னைப் பார்த்தார். "பாண்டிச்சேரி" என்று நான் சொன்னேன். "நீங்கள் இவருடைய வக்கீலா?" என்றான் அவன். நிலவறையே சிரித்தது. மாமா என் தொடையைக் கிள்ளிய தழும்பு அடுத்த வாரம்வரை இருந்தது.

அடுத்து ஸ்டெல்லா. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"என் அப்பா பஸ் ஸ்டாண்டில் என்கொயரி கவுண்டரில் இருந்தவர்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது, அவள் பேச வைத்திருந்தது முழுவதும் மாமாவைப் பற்றி. மாமாவின் முழங்கால் ஆட்டம் நின்றது. "உங்கள் யாருக்காவது இப்படி ஓர் அப்பா இருக்கிறாரா?" எங்கேயோ ஒருவர் கோப்பையை மேஜையில் வைத்தது மட்டும் கேட்டது. "பரீட்சையில் தோற்றுப்போய், நான் ஏன்தான் பிறந்தேனோ என்று அழுதேன். அதற்கு என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா?"

அதோடு நின்றுவிட்டாள். அடுத்த வரி மறந்துபோய்விட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். அவளுடைய வெள்ளிக்கிழமை கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாமா பாதி எழுந்துவிட்டார். பதில் தெரியும், வாக்குக் கொடுத்தாயிற்று, வாயில் கமர்கட்டு. கண்ணிலிருந்து நீர் வழிய அப்படியே நின்றார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தாள். மைக்கில், தமிழில் சொன்னாள்.

"துப்புப்பா."

மாமாவிடம் கைக்குட்டை இல்லை. என் உள்ளங்கை இருந்தது. அதில் போட்டுவிட்டு நிமிர்ந்து, அந்தக் கவுண்டர் குரலில், இங்கிலீஷில் பதில் சொன்னார். "புயல் அடிச்சது. ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்லை. அதனால் பிறந்தாய்."

ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் அந்த நிலவறை இடிந்து விழுந்துவிடும் போலிருந்தது. அயர்லாந்துக்காரப் பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டான். மாமா திரும்பி, "உண்மையத்தான சொன்னேன், இன்னாத்துக்கு சிரிக்கறாங்க?" என்று என்னைக் கேட்டார். ஸ்டெல்லா ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அவளுக்கு எல்லா வரியும் ஞாபகம் வந்தது. அவள் கேட்க, இவர் சொல்ல, நேரம் போனதே தெரியவில்லை.

முடிக்கும்போது அவள் மூச்சு விட்டுக்கொண்டு, பாதி தனக்குத்தானே கேட்டாள். "நான் இந்த ஊரில் தனியாக என்னதான் செய்கிறேன்?"

அது முடிவுக்காக எழுதி வைத்த வரி. கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. முகத்திலேயே தெரிந்தது. "கொஞ்சம் இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். திரும்பினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், ஒவ்வொரு வரிசையாக, தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தார். "என் பொண்ணு. இந்த ஊரில் என்ன செய்கிறாள்?" யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, பார்த்தால் அவரும் தனியாக வந்தவர் போலத்தான் இருந்தார், மாமாவின் காதருகே எதையோ சொன்னார்.

மாமா கொஞ்சம் மூச்சு வாங்க மேடைக்குத் திரும்பி வந்தார். "விசாரிச்சிட்டேம்மா" என்றார். "நீ சிரிக்க வைக்கறியாம். அந்தம்மா சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சாம்."

ஸ்டெல்லா மேடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும்தான். துடைத்துக்கொள்ளலாம் என்றால் கையில் கமர்கட்டு.

வாராவாரம் அவளுக்கு மேடை கிடைத்துவிட்டது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். அதனால் நான் மட்டும் திரும்பி வந்தேன். மாமா விசா முடியும் வரை அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"இப்பத்தான் வீடு நிம்மதியா இருக்குது" என்று பிலோமினா அத்தை சொல்கிறார். யாரும் கேட்காமலேயே, வாசலுக்கு வந்து வந்து சொல்கிறார். தெருவில் எல்லாரும் "பாரிஸ் எப்படி இருந்தது?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் எழுதிய இந்தப் பக்கத்தை ஸ்டெல்லா போனில் மாமாவுக்குப் படித்துக் காட்டுவாள். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். சும்மா கேட்கவில்லை. மாமா, எப்ப வர்றீங்க?