பெயர்கள் மட்டும் வரிசையாயின

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
ஜூலை 30

பெருமதிப்புக்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு, கஸ்தூரிரங்கன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் அங்கே சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். இவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

தாங்கள் வருமானவரி ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர். ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்: நான் செய்திருப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றமா, அபராதத்தோடு விட்டுவிடுவார்களா?

கருவூலத்திலிருந்து ரிடையரான பிறகு நான் நிருபமா என்கிற ஆடிட்டர் பெண்ணிடம் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் கிளையண்ட் ஒருவர் ஹெப்பகோடியில் கம்பெனி நடத்துகிறார். காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடித்து, யாருக்கு எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இருபத்தேழு பேரையும் நான் நீளத் தாளில் கோடு போட்டு அழகாக எழுதி வைத்திருந்தேன். "அங்கிள், கம்பெனின்னா பேப்பர்ல வாங்கவே மாட்டாங்க. ஆன்லைன்ல நீங்களே போட்டுடுங்க, ஸ்வல்ப தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நாத்தனார் கல்யாணத்துக்கு உடுப்பி போய்விட்டாள்.

நானும் எக்ஸெல்லில் ஏற்றினேன். பெயர்கள் தாறுமாறாக இருக்கின்றனவே, அகரவரிசையில் இருந்தால் அதிகாரிகளுக்குச் சௌகரியமாயிற்றே என்கிற நல்லெண்ணத்தில் ஒரு பட்டனை அமுக்கினேன். பேரும் பான் நம்பரும் வரிசையா வந்துடுத்து, தொகை மட்டும் நின்ன இடத்துலயே நின்னுடுத்து. அது தெரியாம அப்லோடும் பண்ணிட்டு, காபியைக் குடிச்சுண்டே தாளோட ஒத்துப் பாக்கறேன் அத்திம்பேர். பெயிண்டிங் காண்ட்ராக்டர் அப்பாதுரையோட பதினோரு லட்சம் சின்னத்தாயி பேர்ல இருக்கு! அந்தக் கம்பெனிக்குக் காலை டிபன் போடறவ அவ. நம்ம ஆபீசுக்கு மத்தியானச் சாப்பாடும் அவதான். சரியா அந்த நேரம் பாத்து கேரியரோட உள்ளே வரா.

"இன்னா சார், பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகிறே?"

வாயை அடக்க எனக்கு எப்போ தெரிஞ்சிருக்கு? "பெயிண்டர் அப்பாதுரையோட பணம் உன் பேர்ல ஏறி, கவர்மெண்ட் கணக்குல நீ லட்சாதிபதி ஆயிட்டே" ன்னு சொல்லிட்டேன். முதல்ல சிரிச்சா. அப்புறம் கேரியரை மெதுவா கீழே வச்சா.

"அப்போ என் ரேஷன் கார்டு? அந்தக் கார்டைக் காட்டித்தான் சார் எங்க வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ் இலவசமா பண்றாங்க. செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சது அந்த ஆளு, பணக்காரி நானா?"

உடனே உடுப்பிக்குப் போன் போட்டேன். நிருபமா போன் ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் காக்கிச் சட்டையோட ஒருத்தன் கதவைத் தட்டினான், நான் பீரோவுக்குப் பின்னாலே போய் நின்னுட்டேன். எலி மருந்து வைக்க வந்தவனாம்.

ஆகவே, கூரியரில் இது கிடைத்ததும் தெரிந்த வக்கீலோடு புறப்பட்டு வாருங்கள். நாளைக் காலை சின்னத்தாயியையும் அழைத்துக்கொண்டு வரி ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது, அவள் கார்டைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அக்காவிடம் ஜெயில் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் நடுங்கும் மைத்துனன்,
கஸ்தூரிரங்கன்

பி.கு: இப்போதுதான் நிருபமா கூப்பிட்டாள். "அங்கிள், ஓடிபி போட்டீங்களா?" "எந்த ஓடிபி?" அது கம்பெனி முதலாளியின் போனுக்கு வந்ததாம். அதைப் போடாமல் ஃபைல் போகவே போகாதாம். ஆக, நான் எதையும் அனுப்பவே இல்லை, யாரும் லட்சாதிபதி ஆகவில்லை, தாங்களும் வர வேண்டாம். ஆனால் நாளைதான் கடைசித் தேதி. நிருபமா தானே போடுகிறேன் என்றாள், கேரியரை எடுத்துப் போக வந்த சின்னத்தாயி சம்மதிக்கவில்லை. "சார் கையாலயே போடட்டும், நான் பாக்கணும்" என்று என் நீளத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நம்பராக உரக்கப் படிக்கிறாள். ஒன்பதாவது பெயர் வரை வந்திருக்கிறோம், அதற்குள் என் தப்பு இரண்டைப் பிடித்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு என்ன எழுத்து என்று திட்டுகிறாள். நிறுத்துகிறேன்.