மிதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்

ஷைனருக்கும் ஹாலட்ஸ்வில்லுக்கும் நடுவே, சனிக்கிழமை தவறாமல் ஏதாவதொரு கூடத்தில் போல்காவோ வால்ட்ஸோ ஆடுகிற எங்கள் டெக்ஸாஸ் ஊர்களில், ஒரு வகை மனிதர் உண்டு. வாத்தியம் வைத்திருப்பார், வாசிக்க மாட்டார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப்போல் உழைக்கிறவரை நான் பார்த்ததில்லை. வாசிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் அவருக்கு இன்னும் முடியவில்லை. வசதிக்காக அவரை மிதிமாற்றி என்று அழைப்போம்.

மிதிமாற்றி பெரும்பாலும் பெடல் ஸ்டீல் கிட்டார்காரராகவே இருப்பார். பிடில்காரன் நாலு தந்தியை முறுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். தேர்ந்தெடுக்க அவனுக்கு எதுவுமில்லை, பாவம். ஸ்டீல் அப்படியா? மேஜைபோலக் கால்களில் நிற்கும் அதில் ஒரு வரிசைக்குப் பத்துத் தந்தி, ஆசை பெரிதானால் இரண்டு வரிசை. இடது கையில் தந்திமேல் சறுக்கும் இரும்புத் துண்டு, வலக்கை விரல்களில் மாட்டிய உலோக நகங்கள், வலது பாதம் சத்தத்தை ஏற்றி இறக்க, இடது பாதம் மிதிகளை அமுக்க, போதாததற்கு இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் நெம்புகோல்களைத் தள்ள. எந்த மிதி எந்தத் தந்தியை எவ்வளவு இழுக்கவேண்டும் என்று வாத்தியம் சொல்லாது. நீங்கள்தான் அதற்குச் சொல்லவேண்டும். கடவுள் மனிதனுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதுபோன்ற ஏற்பாடு. விளைவும் ஏறக்குறைய அதேதான்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கொலாச்சி என்கிற, பழம் வைத்த பன் விற்கும் கடையில் எதிரே வந்து உட்காருவார். உங்கள் மனைவியின் அறுவைச் சிகிச்சை எப்படி நடந்தது என்று கேட்க மாட்டார். காகிதக் கைத்துண்டை விரித்து, அதில் பத்துக் கோடு குறுக்கே, எட்டுக் கோடு நெடுக்கே போட்டு, "ஒன்ன கேக்கணும்ப்பா, இ-நைனா, சி-சிக்ஸா?" என்பார். உருக்கமாக அழவைக்க இ-நைன் சுருதி, துள்ளி ஆடவைக்க சி-சிக்ஸ் சுருதி என்பது ஊரறிந்த விஷயம். அது அவருக்கும் தெரியும். ஆனால் அழுதுகொண்டே துள்ள வேண்டியிருந்தால்? அப்படியொரு நாள் வந்துவிட்டால்? பன்னிரண்டு தந்தியில் இரண்டையும் அடக்கிவிடலாமே! அடக்கினால் முழங்கால் நெம்புகோல் ஒன்று கூடுதலாக வேண்டும். அதை இடப்பக்கம் தள்ளுவதா, வலப்பக்கமா? அதற்குள் உங்கள் காப்பி ஆறிவிடும்.

நான் சொல்லிக்கொண்டிருப்பது டெல்பர்ட் குபேனாவைத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எங்கள் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், ஆர்லிஸ் யானாக் அக்கார்டியன், டெல்பர்ட் முப்பது வருடமாக ஸ்டீல். வாசித்தார் என்று சொன்னால் மிகை. பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, குனிந்து அடியில் எதையோ பார்ப்பார். "நீங்க போயிட்டே இருங்க, வந்து சேந்துக்குறேன்" என்பார். நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். முப்பது வருடம்.

அவருடைய மகள் ட்ரெஸாவின் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, கல்யாணத்துல அப்பாவும் பொண்ணும் ஆடுற வழக்கம் நமக்கு வேணாம். ஆடுனா என் கால மிதிச்சே கொன்னுருவீங்க. நான் அம்மாகூட ஆடிக்கிறேன். நீங்க ஒரு வால்ட்ஸ் வாசிங்க, போதும். நான் சின்னப் பிள்ளையா இருக்கப்போ தூங்க வைக்க வாசிப்பீங்களே, அது."

"வாசிக்காம இருப்பேனா? ஆனா எந்தச் சுருதியிலம்மா?"

"எதுலயாவது!"

அந்தப் பெண்ணுக்கு அப்பாவைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி. கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது.

முதல் மாதம் இ-நைன். அடுத்த மாதம் அது தாலாட்டுக்கு அதிக அழுகை என்று சி-சிக்ஸ். மூன்றாவது மாதம் ஒஹாயோவிலிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில், முழங்கால் நெம்புகோலை வலப்பக்கம் வைப்பவன் வாத்தியக்காரனே அல்ல என்று எழுதிவிட, அவரோடு ஆறு வாரம் சண்டை. சண்டையில் ஜெயித்தபின், ஒஹாயோக்காரர் சொன்னதே சரி என்று இடப்பக்கம் மாற்றினார். கார் நிறுத்தும் கொட்டகையில் அந்த ஸ்டீல், பெட்டிக்குள் தலைகீழாக, வயிற்றைத் திறந்துகொண்டு, கம்பியும் திருகுமாகக் கிடந்தது. "எட்டு மாசமா நான் அது வயித்தத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் அவர் மனைவி நெல்டா. "மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

இனி நான் சொல்லப்போவதுதான் மோசமான பகுதி. மிதிகள் மூன்று. அவற்றை இடமிருந்து வலமாக அடுக்குவோர் ஒரு கட்சி, வலமிருந்து இடமாக அடுக்குவோர் இன்னொரு கட்சி. இரண்டிலும் வருவது ஒரே ஓசை. கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். இதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். டெல்பர்ட் முப்பது வருடமாக முதல் கட்சி. கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்தவர், கட்சி மாறியிருந்தார்.

"டெல்பர்ட், நாளன்னைக்குக் கல்யாணம்" என்றேன்.

"தெரியும்ப்பா. அதனாலதான் இன்னைக்கே மாத்திட்டேன். நாளைக்கு மாத்துனா அவசரப்பட்ட மாதிரி இருக்கும்ல."

"ஒம் பாதத்துக்குச் சொல்லிட்டியா?" என்று ஆர்லிஸ் கேட்டான்.

"ரெண்டு நாள்ல பழகிரும்."

சனிக்கிழமை பிற்பகல், தேவாலயக் கூடம். பிரிஸ்கெட் மாட்டிறைச்சியும் சாஸேஜும் உருளைக்கிழங்கு சாலடும் முடிந்து, நாற்காலிகளை ஓரம் தள்ளியாயிற்று. ட்ரெஸா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். டெல்பர்ட் ஆரம்பித்தார். கண் முழுக்கத் தன் பாதத்தில். கண்ணிவெடி புதைத்த வயலில் நடக்கிறவர் மாதிரி ஒவ்வொரு மிதியாக. முதல் சுற்று முடிந்தது. புகழ்வது எனக்கு அவ்வளவாக வராது. தப்பில்லை.

இரண்டாவது சுற்றில் அவர் நிமிர்ந்து பார்த்தார். ட்ரெஸா தலையை அம்மாவின் தோளில் சாய்த்திருந்தாள். தூங்கப்போகிற குழந்தைபோலக் கண்ணை மூடியிருந்தாள். அவ்வளவுதான், டெல்பர்ட் பாதத்தை மறந்தார். மறந்த பாதம் முப்பது வருடமாகத் தெரிந்ததைச் செய்தது: பழைய பக்கம் சாய்ந்தது. மெட்டு மலர்ந்து மேலே போகவேண்டிய இடத்தில், சவப்பெட்டியை இறக்குவதுபோல ஒரு துக்கமான ஓசை கூடம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் அத்தை கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தார்.

"யாருடா செத்தது?" என்று ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

டெல்பர்ட் திருத்திக்கொண்டு மறுபடி அந்த இடத்துக்கு வந்தார். மறுபடி சவப்பெட்டி. மூன்றாவது முறையும் அதேதான். கையை எடுத்துவிட்டார். என் பேஸ் மட்டும் இரண்டு முறை தனியாக முனகிவிட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்த இருவரும் நின்றார்கள்.

"அப்பா?" என்றாள் ட்ரெஸா. "இது அந்தப் பாட்டுதானே?"

டெல்பர்ட் முகம் வெளுத்திருந்தது. அவருடைய வலது கை மெல்லச் சட்டைப் பையை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். பையில் திருகுகளைக் கழற்றும் சாவி இருந்தது. மகளின் கல்யாணத்துக்குச் சாவியோடு வந்திருக்கிறார்!

நெல்டாவும் பார்த்துவிட்டாள். ஆட்டத்தளத்தின் நடுவிலிருந்து, இருநூறு பேர் கேட்க, ஒரே கத்தல்:

"டெல்பர்ட் குபேனா! அந்தச் சாவிய எடுத்த, வீட்டுக்குத் தனியாத்தான் வருவ!"

கூடம் சிரித்தது. டெல்பர்ட் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், மிதிகளைப் பார்த்தார், பிறகு இடது பாதத்தைத் தூக்கி, குற்றவாளியை உள்ளே தள்ளுவதுபோல, தன் ஆசனத்துக்கு அடியில் தள்ளிவைத்தார். முழங்கால்களை ஒட்டாமல் விலக்கிக்கொண்டார். வெறும் இரும்புத் துண்டாலும் தந்தியாலும் மெட்டை முதலிலிருந்து தொடங்கினார். அடுக்கு அலங்காரமெல்லாம் போய்விட்டது. பாதி இடங்களில் தடுமாறியது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு, கொஞ்சம் முரட்டுத்தனமாக, ஒரு தாலாட்டு எவ்வளவு சாதாரணமானதோ அவ்வளவு சாதாரணமாக வந்தது. ட்ரெஸா மறுபடி தலையைச் சாய்த்தாள். இருவரும் கடைசிவரை ஆடினார்கள். கடைசிவரை என்றா சொன்னேன்? ஆமாம். டெல்பர்ட் ஒரு பாட்டை முடித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

எட்டு மாதத்தில் அவர் தேர்ந்தெடுத்த எதுவும் அந்தப் பாட்டில் இல்லை என்பதை யோசித்துக்கொண்டிருந்தேன். தேர்ந்தெடுப்பது என்றால் மற்றதையெல்லாம் விடுவது. அது அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை கொலாச்சிக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒன்னு வெளங்கிருச்சுப்பா. இந்த மிதியே வேணாம். தொல்ல."

"அப்பாடா" என்றேன்.

"பழைய காலத்துல இருந்துச்சே, மிதியில்லாத ஸ்டீல், அது போதும். எளிமையா இருக்கும்." காகிதக் கைத்துண்டை விரித்தார். "எட்டுத் தந்தின்னு வச்சுக்கோ. இப்ப அதுக்கு சி-சிக்ஸா, ஏ-சிக்ஸா? இல்ல ஆறு தந்தியே போதுமா? ட்ரெஸாவுக்குப் பிள்ள பொறந்தா ஞானஸ்நானத்துக்கு வாசிக்கணும். இப்பவே ஆரம்பிச்சாத்தான் ஆகும்."

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஸ்டீல் கிட்டார் இல்லை என்கிற தைரியம். நல்லது. ஆனால் நீங்கள் வாங்கிவைத்த அந்தப் புதிய நோட்டு, அதற்குப் பொருத்தமான பேனா, உயரத்தைச் சரிசெய்த நாற்காலி, போன வாரம் இடப்பக்கமும் இந்த வாரம் வலப்பக்கமும் வைத்துப் பார்த்த மேஜை விளக்கு, இதெல்லாம் எதற்காக? யாருக்கோ ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றுதானே? அந்த ஒருவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். இன்றுகூட எழுத உட்கார்ந்தீர்கள். முதலில் இதைப் படித்து முடித்துவிடுவோம், மனசு ஒரு நிலைக்கு வரும் என்றீர்கள்.

படித்தாயிற்று.