சுழிக்காரர் ஓட்டல் பார்த்த கதை

திருச்செங்கோடு வட்டாரத்தில் நாலு காலில் நிற்கும் எதையும் சுழிக்காரர் நம்பியதில்லை. இரண்டு காலில் நிற்பதை அதைவிட நம்பியதில்லை. தொழில் மாட்டுத் தரகு. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, அது ஒரு வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மேச்சேரி ஆடு முதல் மோட்டார் பஸ் வரை எல்லாவற்றையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது ஹெட்மாஸ்டர் வந்தபோது, மாலை போடும் சாக்கில் பின்பக்கம் போய்ப் பிடரியைப் பார்த்துவிட்டு, "வருசம் தாங்காதுங்க வாத்தியாரே" என்று என் காதில் சொன்னார். ஹெட்மாஸ்டர் எட்டு வருஷம் இருந்து எங்களை வாட்டி எடுத்தார். சுழிக்காரர் அசரவில்லை. "மாலை மறைச்சுப் போட்டுச்சுங்க" என்றார்.

இப்பேர்ப்பட்டவரிடம் சென்னைப் பட்டணத்தில் ஓட்டல் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தவர் என் மாமனார். என் மனைவி மரகதத்துக்குப் பனிக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். அவளுக்கோ கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எனக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கிறிஸ்துமஸுக்குத்தான். அதாவது சரியான பனியில்.

"கண்ட எடத்துல படுத்து இழுப்பு வந்துச்சுன்னா அத்தோட சரி. அப்பறம் எல்லையைத் தாண்ட உடமாட்டேன்" என்றார் மாமனார். சுழிக்காரர் கூட வந்தால் மூன்று நாள் போய்வரலாம் என்று கடைசியில் இறங்கிவந்தார். அவருக்கு மாடு வாங்கிக் கொடுத்தவர் சுழிக்காரர், அந்த நம்பிக்கை.

சுழிக்காரர் ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே போனதே இல்லை என்பது ரயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிகள் நின்றன. மூன்று குதிரைகளை ஆகாது என்று தள்ளினார். நாலாவது குதிரை அவரைக் கடிக்க வந்தது. "இதுதானுங்க யோக்கியமான உருப்படி" என்று ஏறிக்கொண்டார்.

முதல் ஓட்டல் வாசலில் மானேஜர் கும்பிட்டு வரவேற்றார். சுழிக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்து வழியாகப் பின்பக்கம் போய்விட்டார்.

"ஏனுங்க, வாசல் இந்தப் பக்கமுங்க!" என்று கத்தினேன்.

"முன்னால எல்லாரும் சோடிச்சுத்தான் வெச்சிருப்பாங்க வாத்தியாரே. சந்தையில கொம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்தறதில்லீங்களா?"

சுற்றி வந்து அறைக்குள் நுழைந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை முகர்ந்து பார்த்தார். "செவுரு வேர்க்குதுங்க. போலாம்."

இரண்டாவது ஓட்டலில் மெத்தையை உதறி, நாலு தும்மல் போட்டுவிட்டு வெளியே வந்தார். மூன்றாவதில் உத்தரத்து மரத்திலிருந்த சுழியை அண்ணாந்து பார்த்து, "பாடைச் சுழி!" என்று அலறினார். பாடைச் சுழி உள்ள மாட்டை வாங்கினால் வீட்டில் சாவு விழும் என்பார்கள். படுக்க வந்திருந்த வேறொரு பயணி அதைக் கேட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

நாலாவதில் அறை நடுவே நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். புகை கலையாமல் அங்கேயே நின்றது. "வேண்டாமுங்க" என்றார். பீடி குடிப்பதற்கு ஓட்டல் ஓட்டலாக ஏறுகிறார் என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற மூன்று நாளில் அரை நாள் போய்விட்டது. மரகதம் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியிலேயே இருந்தாள்.

"அவரு போக்குல உடுங்க" என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, எனக்குப் புரியவில்லை.

ஐந்தாவது ஓட்டல் திருவல்லிக்கேணியில். மாடியில் ஒரே ஓர் அறை. சுவர் உலர்ந்திருந்தது, கட்டிலில் வெயில் விழுந்தது, பீடிப் புகை நேரே ஜன்னலைத் தேடிப் போனது. சுழிக்காரர் முகம் மலர்ந்தது. "இதைப் புடிங்க!"

"அது என் ரூம்" என்றார் மானேஜர்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் வாயால் விலை பேசும் வழக்கமில்லை. துண்டுக்கடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சுழிக்காரர் தோள் துண்டை எடுத்து மானேஜர் கையின் மேல் போட்டார். தன் கையை அடியில் விட்டு அவருடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார்.

"யோவ்! இன்னாய்யா பண்றே? கைய விடு!"

மானேஜர் உதறினார். பேரம் படியும் முன் கையை உருவிப் பார்ப்பது சந்தையில் வழக்கம். இதுவும் அதுதான் என்று நினைத்த சுழிக்காரர், இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார். மானேஜர் துள்ள, இவர் தொங்க, இருவரும் மேஜையைச் சுற்றி வந்தார்கள். வண்டியை விட்டு மேலே ஏறி வந்திருந்த மரகதம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை.

மானேஜர் துள்ளுவதை நிறுத்தினார். "அம்மாவுக்கு இழுப்பா? எங்கம்மாவுக்கும் உண்டு. கொஞ்சம் வெந்நி குடும்மா." வெந்நீர் வந்தது. இருமல் மெல்ல அடங்கியது. மானேஜரே தம் படுக்கையைச் சுருட்டி அறையை ஒழித்துக் கொடுத்தார். "முதல்லியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

சுழிக்காரர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "அம்முணி கேக்கறாப்பல அதை எப்படிங்க சொல்றது? ஊட்டுல ஒரு நாளைக்கு நூறு வாட்டி அதையேதானுங்க சொல்றாங்க. இங்கயாச்சும் அந்தப் பேச்சு இல்லாம இருக்கட்டும்னு பார்த்தேன்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஈரச் சுவர், தூசி மெத்தை, போக வழியில்லாத புகை. காலையிலிருந்து அவர் என்ன பார்த்தார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது. (அந்த உத்தரம் மட்டும் நிஜமாகவே பாடைச் சுழிதான் என்று கடைசிவரை சாதித்தார்.)

அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை இழுப்பு வரவில்லை. ஒரு சாயங்காலம் கடற்கரையில் மரகதம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நெடுந்தூரம் நடந்தாள். நான் நின்று வேடிக்கை பார்த்தேன். சுழிக்காரர் மட்டும் கடலைப் பார்க்கவேயில்லை. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பின்னால் பத்தடி விட்டு, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தார். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்று சாயங்காலத்திலிருந்து ஒருவர் இருந்தார்.