ஒன்றுக்கு ஒன்று போட்டவன் உயிர் தப்பிய வரலாறு

சகல சௌபாக்கியமும் ஓரளவு புத்தியும் வாய்த்த மருமகப்பிள்ளைக்கு,

கடல் கடந்து வந்து, ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடித்து உலகை ஆளும் உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம். போன வாரம்வரை நலமில்லை. அதை உன் அம்மாவிடம் சொல்லாதே. என் அக்கா கடலை நீந்தியே வந்து காதைத் திருகுவாள்.

இந்த ஊரில் கால்பந்துப் பருவம் வந்தால் காற்றுகூட நின்று ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் வீசும். எங்கள் கூடத்தில் வாராவாரம் யாருக்கு எத்தனை கோல் என்று முன்கூட்டியே எழுதி, மேற்பார்வைக்கார அம்மாளின் சோப்பு டப்பாவில் போட வேண்டும். பந்து உருண்டை என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிழைக்க வந்த இடத்தில் யாரைத் தோற்கடித்து யார் பகையைச் சம்பாதிப்பது? அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்து, யார் பக்கமும் சாயாமல் வளர்ந்த உடம்பு இது. எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்றே போட்டேன். மற்றவர்களோ தங்கள் அணிக்கு ஐந்து, எதிரணிக்கு முட்டை என்று விசுவாசத்தோடு எழுதினார்கள். பாழாய்ப்போன அணிகள் என்னிடம் கேட்டுக்கொண்டு ஆடுவதுபோல ஒன்றுக்கு ஒன்று அடித்துத் தள்ளின. கடைசி ஆட்டத்துக்கு முன்பு நான்தான் முதலிடம். துணி உலர்த்தும் இயந்திரமே என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுழன்றது. அப்போதுதான், இங்கே நம் பாஷை பேசும் ஒரே ஜீவனான இஸ்திரிக்காரர் குண்டைப் போட்டார்.

"அண்ணே, ஜெயிக்கிறவர்தான் சமையல்கட்டு ஆளுங்களோட நடக்குற ஆட்டத்துல கோல் காக்கணும். அதான் இங்க பெரிய மரியாதை."

"மாட்டேன்னா?"

"அப்புறம் ஒருத்தரும் முகங்குடுத்துப் பேச மாட்டாங்க. போன வருஷம் அவங்க தலைமைச் சமையல்காரர் அடிச்ச அடியில கோல்கம்பமே வளைஞ்சுபோச்சு."

என் முழங்கால்களை நீ அறிவாய். உட்கார்ந்தால் எழுப்ப நாலு பேர், எழுந்தால் உட்காரவைக்க எட்டுப் பேர். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கடைசி ஆட்டத்தைச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒன்றுக்கு ஒன்றிலேயே நின்றது. எல்லோரும் என் முதுகைத் தட்ட, நான் மனத்துக்குள் உயில் எழுதிக்கொண்டிருந்தேன். முடியப்போகும் நேரத்தில், எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, ஒரு கோல் அடித்தான். இரண்டுக்கு ஒன்று. அப்படியே எழுதியிருந்த மேற்பார்வைக்கார அம்மாள் முதலிடம், நான் இரண்டாமிடம். நாற்காலிமேல் ஏறிக் கூரை இடிக்கக் குதித்தேன். தோற்றும் இப்படி மகிழ்கிறாரே என்று கூடமே கண்கலங்கியது. போன உயிர் வாடகை பாக்கியில்லாமல் திரும்பி வந்ததப்பா. மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.

உன் வீட்டில் பாலும் படிப்பும் பொங்கட்டும். அக்காவுக்கு வணக்கம், உனக்கு என் பழைய குட்டு ஒன்று.

இப்படிக்கு,
முழு முழங்காலோடு,
மாமா

பி.கு.: உறை ஒட்டுமுன் மேற்பார்வைக்கார அம்மாள் கையுறையோடு வந்து நிற்கிறார். இஸ்திரிக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னது: "தோத்ததுக்கே அந்தக் குதி குதிச்சவர் பந்துக்கு எப்படிக் குதிப்பார்னு கேக்குறாங்க. அவங்க மரியாதையை உங்களுக்கே குடுத்துட்டாங்கண்ணே." சனிக்கிழமை ஆட்டம். அக்காவிடம் சொல்லிவிடு. நீந்தியே வரட்டும்.